சூரியகாந்தித் தலை மாப்பிள்ளை

சுடலைமுத்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெட்டி நிறையப் புகைப்படங்களோடு வந்தார். எல்லாவற்றிலும் அவர் மனைவி இருந்தார். எதிலும் முழுசாக இல்லை.

ஒன்றில் தன் தலையைக் கழற்றி மடியில் வைத்து, அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் அவர் முதுகில் கம்பி போட்ட ஜன்னல். தெருவில் போகிறவர்கள் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றில் வாயே இல்லை. மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழவென்று வெறும் தோல். இன்னொன்றில் தூத்துக்குடி உப்பளத்துக்கு மேலே, சேலை வானம் முழுக்க விரிய, பறந்துகொண்டிருந்தார்.

"சார், சாதாரண போட்டோ ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டேன்.

"சாதாரணமா எடுக்கத் தெரியாமத்தானம்மா இத்தன வருசம் சோறு திங்கேன்" என்றார்.

நான் நித்திலா. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் நினைவு வளர்ப்புப் பிரிவில் இயந்திரத்தை ஓட்டுகிறவள். டாக்டர் இல்லை, ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் மறுத்து மறுத்து ஓய்ந்துவிட்டேன். சுடலைமுத்துவைக் கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. அந்த வாயில்லாத படத்தை விடுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். என் அறைத்தோழி அதைப் பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அவளுக்குக் கலை தெரியவில்லை என்று நான் இளக்காரமாக நினைத்துக்கொள்வேன்.

அவர் கோவில்பட்டியில் கல்யாண ஆல்பங்களுக்கு 'மிக்ஸிங்' செய்கிறவராகத் தொடங்கியவர். அந்தக் காலத்து ஆல்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்திருப்பார்கள், ஐஸ்கிரீம் கிண்ணத்துக்குள் நின்று சிரிப்பார்கள், எப்போதோ செத்துப்போன பெரியவர் மேகத்திலிருந்து ஆசீர்வாதம் பண்ணுவார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. சுடலைமுத்து அதையே இன்னும் கொஞ்சம் திருகினார். ஒரு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் மீன்தலை வைத்துக் கொடுத்து, மண்டபத்து வாசலிலேயே அடி வாங்கினார். அந்த ஆல்பம் யார் கை மாறியோ சென்னைக் கண்காட்சி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அவர் காட்டில் மழைதான். முதலில் படங்கள், பிறகு சினிமா. அவர் சினிமாவில் கதை இருக்காது, மனைவி சண்முகக்கனி இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வெளிநாட்டு விழாக்களில் இவர் பெயரை வாயில் நுழையாமல் 'சுடாலே' என்று கூப்பிட்டு, எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தச் சண்முகக்கனிக்குத்தான் மூளைக்காய்ச்சல். உயிர் பிழைத்துவிட்டார். பேச்சு, நடை, சமையல் எல்லாம் இருந்தன. கல்யாணமும் அதற்குப் பிறகான வாழ்க்கையும் மட்டும் துடைத்தாற்போல் போய்விட்டன. புருஷனைப் பார்த்து, "யார் வேணும் ஒங்களுக்கு?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அதைச் சொல்லும்போது சுடலைமுத்து அழுதுவிட்டார். கைக்குட்டைகூட எடுக்காமல் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு நான் யாருன்னு தெரியணும். அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். "ஒங்க மெஷின் என்னதாம்மா செய்யும்?"

"நினைவு போனாலும் அது இருந்த இடம் மூளைல அப்படியேதான் சார் இருக்கும். செடி பட்டுப்போச்சு, மண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்களேன். ஒரு போட்டோவக் குடுத்தா அத அந்த மண்ணுல பதியம் போட்டுருவோம். அது வேர் விட்டு, பக்கத்துல இருந்ததையும் இழுத்துட்டு வரும். கல்யாண போட்டோ ஒண்ணு வெச்சா, பந்தில யார் கோவிச்சுக்கிட்டாங்க, யாரோட செருப்பு தொலைஞ்சுது, அது வரைக்கும் வந்துரும்."

"அப்ப வையுங்க."

"சார், அந்த மெஷினுக்குக் கலையெல்லாம் தெரியாது. படத்துல இருக்கறத நடந்ததுன்னு நம்பும். உங்க வீட்டம்மாவும் நம்புவாங்க."

வேறு படம் கிடைக்காதா என்று நான் தேடாமல் இல்லை. ஆதார் அட்டைப் படம் வெறும் முகம். அதில் பதியம் போட எந்தச் சம்பவமும் இல்லை. தவிர, எல்லார் ஆதார் படத்தையும்போல அதுவும் யாரோ ஒருத்தரைப்போல இருந்தது. கயத்தாற்றில் இருந்த தங்கை செல்வக்கனிக்குப் போன் போட்டேன்.

"அக்கா போட்டோவா?" என்றாள் அவள். "எடுக்க வுட்டாத்தான? எங் கல்யாணத்துலயே, போட்டோக்காரன் பக்கம் வந்தா முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. அவ மொகம் அத்தான் கேமராவுக்கு மட்டுந்தானாம். எங்க வீட்டு ஆல்பத்துல அக்காவத் தேடுனா வெறும் சேலைதான் நிக்கும்."

இதைப்பற்றி நான் கேட்டபோது சுடலைமுத்து கொஞ்சம் பெருமையோடுதான் ஒப்புக்கொண்டார். "அது ஒரு வைராக்கியம்மா. உலகத்துல கனி மொகத்த எடுத்தவன் நான் ஒருத்தந்தான்."

"உங்க கல்யாண போட்டோ?"

பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஐஸ்கிரீம் கிண்ணத்துக்குள் நிற்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, மாலை, கையில் எலுமிச்சம்பழம் எல்லாம் சரியாக இருந்தன. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய சூரியகாந்திப் பூ.

"எங் கல்யாணத்துக்கு நானே மிக்ஸிங் பண்ணுனேன்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். தலைமை மருத்துவர், ஒன்றும் இல்லாததற்கு இது மேல் என்றார். தாமதித்தால் மண் இறுகிவிடும், பிறகு எதை நட்டாலும் பிடிக்காது என்பதும் உண்மைதான். கணவர் சம்மதம் இருந்தது. புகைப்படங்களையும் சினிமாக்களையும் ஏற்றினோம். இயந்திரம் அதன் வேலையைச் செய்தது.

இரண்டாம் நாள் காலை நர்ஸ் என்னை ஓடிவந்து கூப்பிட்டாள். சண்முகக்கனி முன்னால் இட்லித் தட்டு இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். பசி அவர் கண்ணில் தெரிந்தது. இட்லியை மூக்கு வரைக்கும் கொண்டுபோனார், அதோடு கை நின்றுவிட்டது. பிறகு இடது கையால் மூக்குக்குக் கீழே தடவி, அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குச் சைகை காட்டினார்.

கல்லூரிச் சுவரில் ஒட்டிப் பார்த்துப் பார்த்து ரசித்த படம், கையில் இட்லியோடு என் முன்னால் உட்கார்ந்து பட்டினி கிடந்தது.

கண்ணாடி கொண்டுவந்து காட்டினோம். தன் உதடுகளைப் பார்த்ததும் வீரிட்டுக் கத்தினார். அந்தக் கத்தலில்தான் தனக்குக் குரல் இருப்பதும் அவருக்குத் தெரிந்தது. பிறகு அந்த இட்லிகளை விக்க விக்கத் தின்று தீர்த்தார்.

சுடலைமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். நான் அவரை உள்ளே வரச் சொல்லிவிட்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரரைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"என்ன இப்பிடிக் கேக்கீக? எம் புருசனத் தெரியாதா எனக்கு? தலைக்குப் பதிலா சூரியகாந்திப் பூ இருக்கும்." சுடலைமுத்துவின் தோளுக்குப் பின்னால் எட்டிக் கதவைப் பார்த்தார். "வந்திருக்காகளா? நாங்க ரெண்டு பேரும் ஒரு கிண்ணத்துக்குள்ள நின்னோம். காலெல்லாம் ஒரே குளிரு. அதுக்கப்புறம் அவுகள நான் பாக்கவே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "இந்த அண்ணாச்சி யாரு?"

நெல்லைப் பக்கத்துப் பெண், கட்டின புருஷனை அண்ணாச்சி என்று கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சுடலைமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் வாழ்நாளெல்லாம் படத்துக்கு வெளியே நின்றே எடுத்திருந்தால், படத்தில் எப்படி இருப்பார்? இந்தச் சின்ன விஷயம் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, இத்தனை படித்த தலைமை மருத்துவருக்கும் தோன்றவில்லை.

"வேற யாராவது ஞாபகம் வர்றாங்களாம்மா?"

அவர் முகம் வெளிறிப்போனது. "ஒருத்தன் இருந்தான். எப்பப் பாத்தாலும் எதிர்த்தாப்புல நிப்பான். மூஞ்சி கெடையாது. கறுப்பா, உருண்டையா ஒத்தக் கண்ணு. அவன்தான் எந் தலையக் கழத்தி மடியில வச்சான். முதுகுல ஓட்டையப் போட்டு ஜன்னல் வச்சான். ஊருல உள்ளவன் பூரா வந்து எட்டிப் பாத்தான். நான் அங்கனயே நின்னேன்." நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "பறக்கவும் வச்சான். அது நல்லாத்தான் இருந்துது. ஆனா எங்க பறந்தாலும் கீழ அந்தக் கண்ணு நின்னுச்சு."

சுடலைமுத்து வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவ மேல ஒரு தூசி துரும்பு பட வுட்டதில்ல நான்" என்றார். "கம்ப்யூட்டர்ல வெட்டுனேன், கம்ப்யூட்டர்ல ஒட்டுனேன். அவளப் போயி... நான் கொலகாரனாம்மா?"

"பொறுங்க சார். பதியம் போட்டது எல்லாம் நிக்காது. மண்ணுல ஏற்கெனவே இருக்கற பழைய வேரப் பிடிச்சாத்தான் நிக்கும். மிச்சம் தானா உதிர்ந்துரும்."

"அப்ப இந்த வெட்டுனது குத்துனது எல்லாம் போயிரும்?"

"நடக்காததுன்னா போயிரும்."

அவர் முகத்தில் உயிர் வந்தது. எனக்கும்தான். அதற்குப் பிறகு தினமும் வந்தார். கடலை மிட்டாய் கொண்டுவருவார், அண்ணாச்சியாகவே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். சண்முகக்கனிக்கு இந்த அண்ணாச்சியை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் வரும் நேரத்துக்கு முன்னாலேயே தலை வாரி உட்கார்ந்திருப்பார். பேச்சென்றால் பேச்சு, ஓயாத பேச்சு. வார்டில் யார் யாருக்கு என்ன நோவு, எந்த நர்ஸுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு கேலி உண்டு. சுடலைமுத்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "இவ இப்பிடிப் பேசுவான்னு எனக்குத் தெரியாது" என்று என்னிடம் அதிசயமாகச் சொன்னார். எனக்கு அது அதிசயமாகப் படவில்லை, எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் சண்முகக்கனி கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா நல்லாருக்காகளா?"

"ஒடம்பு சரியில்லம்மா."

"பக்கத்துல இருந்து பேசுங்க. பொம்பளைக்கு அதுதான் மருந்து. ஒங்க கூட நல்லாப் பேசுவாகளா?"

சுடலைமுத்து கடலை மிட்டாயை உடைக்கத் தொடங்கினார். உடைத்துக்கொண்டே இருந்தார்.

பதியங்களைச் சோதிக்கிற நாள் வந்தது. ஒவ்வொரு படமாகக் காட்டி மூளை என்ன சொல்கிறது என்று திரையில் பார்ப்போம். சுடலைமுத்துவும் என் பக்கத்தில் இருந்தார். முதலில் உப்பளத்துக்கு மேலே பறந்த படம். சண்முகக்கனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தப் பிள்ள, நல்லாப் பறக்காளே" என்றார். அது உதிர்ந்துவிட்டது. ராணி வேஷத்தில் மேகத்தின்மேல் உட்கார்ந்த படம் உதிர்ந்துவிட்டது. ஐஸ்கிரீம் கிண்ணம் போயே போய்விட்டது. அதோடு சூரியகாந்தித் தலை மாப்பிள்ளையும் போய்விட்டார். அழகான படங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

வாயில்லாத படம் நின்றது. ஜன்னல் வைத்த முதுகு நின்றது. மடியில் இருந்த தலை நின்றது. நின்றதோடு விடவில்லை, சுற்றிலும் அடர்ந்து வளர்ந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி ஒரு ரப்பர் இருந்துது" என்றார் சண்முகக்கனி, வாயில்லாத படத்தைத் தொடாமல். "பசை போட்டு வாயில ஒட்டுனான். மூக்கு வரைக்கும் ஏறிட்டு. மூச்சு முட்டுது, போதும் போதும்னு கையக் காட்டுதேன். அந்தக் கண்ணு நகரல. 'இன்னும் ஒண்ணே ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு'ன்னு சொல்லிக்கிட்டே நிக்கான். அன்னைக்கு எங்க அம்மை முடியாமக் கெடக்கான்னு போன் வந்திருந்துது. அதச் சொல்லவும் எனக்கு வாயில்ல."

நான் சுடலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். இதை அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"கம்ப்யூட்டர்ல அழிச்சா தோல் சரியா வரலம்மா" என்றார். "அதான் ரப்பர் வச்சேன். கடைசி டேக்லதான் அவ கண்ணுல அந்தப் பயம் வந்துது. அந்தப் படந்தான் பாரிசு வரைக்கும் போச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர், தான் என்ன சொல்கிறோம் என்று தன் காதாலேயே கேட்டுவிட்டு நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது.

அந்தப் பயந்த கண்களைத்தான் நான் சுவரில் ஒட்டியிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, சொல்ல வேண்டியது என் வேலை என்பதால் சொன்னேன்: "சார், உங்க முகம் இருக்கற படம் ஒண்ணு புதுசா எடுத்துப் பதியம் போட்டா, நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுரும். அதுக்கு வேர் இருக்கு. கட்டாயம் பிடிக்கும்."

"அந்த ஒத்தக் கண்ணன்?"

"அதுவும் உங்க முகத்தோடதான் போய்ச் சேரும்."

அந்த வாயில்லாத படத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு, "வேண்டாம்" என்றார். "செல்வக்கனி வீட்டுல போயி இருக்கட்டும். நான் அண்ணாச்சியாவே இருந்துட்டுப் போறேன். அப்பப்பப் போயிப் பேசிக்கிட்டு இருப்பேன். அவ பேச்சக் கேட்டாப் போதும்."

இதற்காகவே வந்த மனிதர், இதையே விட்டுக்கொடுத்தார். அவர்மேல் போயிருந்த மரியாதை எனக்குப் பாதி திரும்பி வந்தது. பொய் சொல்வானேன், முக்கால் பங்கே வந்துவிட்டது.

சண்முகக்கனியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் நல்ல வெயில். ஜன்னல் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செல்வக்கனி பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயமெல்லாம் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம், அத்தானைப் பார்க்காமல் வேலையில் கண்ணாக இருந்தாள். சுடலைமுத்து புது வேட்டி கட்டி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீகளே?" என்றார் சண்முகக்கனி.

"கேளும்மா."

"அந்த ஒத்தக் கண்ணன் என்னயத் தேடி இங்க வருவான். நான் எங்க போயிருக்கேன்னு கேப்பான். நீங்க சொல்லிக் குடுத்துராதீக."

"சொல்ல மாட்டேன். அவன் வரவும் மாட்டான். நான் வரவுட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சண்முகக்கனி சிரித்தார். அந்தப் பெட்டிகளில் இருந்த ஒவ்வொரு படத்தையும், சினிமாக்களின் ஒவ்வொரு துண்டையும் கண் வலிக்கப் பார்த்தவள் நான். அந்தச் சிரிப்பு எதிலும் கிடையாது. பயம் விட்டுப்போன ஒரு முகம், ஜன்னல் வெயில் பாதிக் கன்னத்தில் விழ, அப்படியே மலர்ந்து நின்றது. செல்வக்கனிகூடத் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

சுடலைமுத்துவும் பார்த்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அவர் மனசு அதை அனுப்பியிருக்காது, நான் கோவிலில் சூடம் அடித்துச் சொல்வேன், அந்தக் கை தானாகத்தான் போனது. போனை எடுத்தது, முகத்துக்கு நேரே உயர்த்தியது. இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து வெளிச்சம் பார்த்தார். போனின் முதுகில் இருந்த கறுப்பு வட்டம் அவர் முகத்தை மறைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தது.

"அப்படியே இரு கனி" என்றார். "ஒண்ணே ஒண்ணு."

நான் "சார்!" என்று கத்தியது எனக்கே தாமதமாகக் கேட்டது.

சண்முகக்கனி நகரவில்லை. சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல இறங்கி, கண்ணில் அந்தப் பயம் வந்து உட்கார்ந்தது. போனையும், அதைப் பிடித்திருந்த விரல்களையும், புது வேட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

"நீதானா?" என்றார்.

அதற்குள் சுடலைமுத்து படத்தை எடுத்துவிட்டிருந்தார்.